எட்டி நிற்றலுக்கு நான் எழுதிய நான்கு அர்த்தங்கள்

வெளியுறவு அமைச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. ஒரு நாட்டுக்கும் போனதில்லை. அமைச்சகத்தின் மாடிக்கே அபூர்வமாகத்தான் போயிருக்கிறேன். என் இடம் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த விளக்கப் பிரிவு. கூரை சரிவாக இருக்கும். அலமாரிப் பக்கம் போனால் குனிய வேண்டும். அதிகாரிகள் ஏறி இறங்குவது தலைக்கு மேல் கேட்கும். தடதடவென்று இறங்கினால் எங்கோ சண்டை. நிதானமாக இறங்கினால் சாப்பாட்டு நேரம். வெளியுறவு பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

பொதுமக்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் போடுவது எங்கள் பிரிவின் வேலை. எங்கள் என்றால் நானும் பிரிவுத் தலைவரும். அவருக்கு அமைச்சகம் முழுக்க 'காற்புள்ளி' என்று பெயர். எதை எழுதிக் கொடுத்தாலும் ஒரு காற்புள்ளியை எடுப்பார், இல்லாவிட்டால் ஒன்றை வைப்பார். அதோடு அவர் கடமை முடிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. நாம் யார் பக்கம் என்று எல்லாரும் கேட்டார்கள். அப்போதைய அமைச்சர் அதிகம் பேசாத மனிதர். சபையில் எழுந்து, "நம் நாடு எட்டி நிற்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் கொட்டை எழுத்தில் அதுதான். வாரம் முடிவதற்குள் அது 'எட்டி நிற்றல் கொள்கை' ஆகிவிட்டது. மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. எட்டி நிற்றல் என்றால் என்ன?

மாடியில் யாருக்கும் நேரமில்லை. ஒரு பத்தி எழுதி எல்லாருக்கும் அதையே அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நாட்டின் தலையெழுத்தே என் பேனாவில் இருக்கிறது என்ற நினைப்போடு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன்: "எட்டி நிற்றல் என்பது, பிறர் சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல், ஆயுதமோ ஆளோ அனுப்பாமல், விலகி நிற்பது." காற்புள்ளி கடைசிக் காற்புள்ளியை எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், திரும்ப வைத்தார். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய நல்ல வாக்கியம் அதுதான். அது அன்றைக்குத் தெரிந்திருந்தால் அதோடு ராஜினாமா செய்திருப்பேன்.

பெருமை தாங்காமல் அதை வீட்டில் எல்லாரிடமும் வாசித்துக் காட்டினேன். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கைக்குக் குடிமையியல் பரீட்சை வந்தது. புத்தகத்தில் இருந்ததை ஓரம் தள்ளிவிட்டு என் பத்தியை மனப்பாடம் செய்ய வைத்தேன். அவள் பாவம், சைக்கிள் ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள். பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அவர் அந்தப் பத்தியை ஒரே தடவைதான் படித்தார், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தார். எனக்கும் மாமியாருக்கும் வாக்குவாதம் ஆரம்பித்தால் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவார். கொள்கை என்று ஒன்று இருந்தால் அப்படி இருக்க வேண்டும்.

அந்த முதல் மூட்டையில் வந்த ஒரு கடிதம் மட்டும் எனக்குத் தனியாக ஞாபகம் இருக்கிறது. எழுதியவர் ஒரு நில அளவையர். எட்டி என்றால் எவ்வளவு தூரம், அடிக்கணக்கா மீட்டர் கணக்கா, அளப்பது கரையிலிருந்தா ஆற்றின் நடுவிலிருந்தா என்று கேட்டிருந்தார். கிண்டல் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். திரும்பப் படித்தபோது தெரிந்தது, மனிதர் நிஜமாகத்தான் கேட்கிறார். பத்தியை அனுப்பி, தூரம் என்பது இங்கே மனநிலையைக் குறிக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். எங்கள் பதில்களில் பெயர் இருக்காது, கையெழுத்து இருக்காது. பிரிவின் முத்திரை மட்டும். அது எவ்வளவு வசதி என்று பிற்பாடுதான் புரிந்தது.

ஏழு வருடம் போனது. புது அமைச்சர் வந்தார். அக்கரையில் அணை கட்டுகிறார்கள், படை குவிக்கிறார்கள் என்று பேச்சு. நாம் ஆற்றங்கரையில் கண்காணிப்புக் கோபுரங்கள் எழுப்பினோம். மாடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது: விளக்கத்தைக் காலத்துக்கேற்பச் செம்மை செய்யவும். எனக்கு அதில் ஒரு சங்கடமும் வரவில்லை. "எட்டி நிற்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதல்ல, எட்டிப் பார்ப்பதும் அதில் அடங்கும்" என்று எழுதினேன். எழுதி முடித்ததும், அட, இதுதானே முதலிலிருந்தே அர்த்தம் என்று எனக்கே பட்டது. அளவையர் எழுதினார்: எட்டிப் பார்ப்பவர் எட்டி நிற்பவரைவிட எத்தனை அடி முன்னால் நிற்கிறார்? செம்மை செய்த பத்தி அவருக்கும் போனது.

இன்னும் ஒன்பது வருடம் கழித்து, தூரத்துப் பெரிய நாடு ஒன்று நம் துறைமுகத்தைக் கேட்டது, நாமும் கொடுத்தோம். மறுபடியும் துண்டுச் சீட்டு. "எட்டி நிற்கிறோம் என்றால் எட்டாத தூரத்தில் நிற்கிறோம் என்று பொருளல்ல, நண்பர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறோம்" என்று எழுதினேன். இதற்குள் காற்புள்ளி ஓய்வு பெற்றுவிட்டார். நானே பிரிவுத் தலைவர், நானே பிரிவு. மேசையில் கணினி வந்திருந்தது. பழைய பத்தியை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதைத் தட்டினேன். அளவையர் இந்தத் தடவை ஒரு வரைபடமே போட்டு அனுப்பியிருந்தார். ஆறு, கரை, கோபுரம், துறைமுகம், நடுவில் கேள்விக்குறியோடு ஒரு மனிதன். பதில் போட்டேன். வரைபடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது அர்த்தம்தான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. என் வேலையின் முப்பதாவது வருடம், நம் படை ஆற்றைக் கடந்து போனது. அக்கரையில் கலவரம், அது இங்கே பரவாமல் இருக்க அங்கேயே நிறுத்த வேண்டும் என்றார்கள். எட்டி நிற்கும் நாடு அடுத்தவன் நாட்டுக்குள் போவதை எப்படி எட்டி நிற்றல் என்பது? மாடியில் இரண்டு நாள் கையைப் பிசைந்தார்கள். நான் ஒரு காலை நேரத்தில், குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தேன்: "எட்டி நிற்க வேண்டியது நாமல்ல, ஆபத்து." அமைச்சர் சபையில் அதைத் தன் சொந்தச் சரக்காகச் சொன்னார். மேசை தட்டினார்கள். அன்று எனக்காக மாடியிலிருந்து ஒருவர் குனிந்து உள்ளே வந்து கை கொடுத்தார். போகும்போது தலையை இடித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் என் தங்கை வந்தாள். அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தாள். கடையைப் பாதியில் விட்டு வந்திருக்க வேண்டும். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மகன் படையில் லாரி மெக்கானிக். அவனுடைய பிரிவும் ஆற்றைக் கடக்கிறது என்று அன்று காலைதான் தெரிந்திருக்கிறது. நான் அடுப்படியில் இருந்தேன். உட்காரச் சொன்னேன், அவள் உட்காரவில்லை.

"அக்கா, நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே. 'ஆயுதமோ ஆளோ அனுப்பாமல்'னு. எனக்கு இன்னும் மறக்கல. என் பையன் ஆளா, ஆயுதமா?"

நான் அவளைக் கட்டிப் பிடித்திருக்கலாம். ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாம். சும்மா நின்றிருந்தாலும் போதும். நான் என்ன செய்தேன் என்றால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விளக்கினேன்.

"இப்போ அதுக்கு அர்த்தம் வேறடி. எட்டி நிக்க வேண்டியது நாம இல்ல, ஆபத்து."

அவள் என்னைப் பார்த்தாள். புரியாத பார்வை இல்லை. நன்றாகப் புரிந்த பார்வை. படியிறங்கிப் போய்விட்டாள். குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு என் கணவர் வந்தார். போய்விட்டாளா என்று கேட்டார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் மேல் விழுவதற்கு அந்த வீட்டில் எப்போதும் அனுமதி உண்டு.

பையன் பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். முகாமுக்குப் பக்கத்தில் ஏதோ வெடித்ததில் இடது காது சரியாகக் கேட்கவில்லை. மற்றபடி நன்றாக இருந்தான். அவன் மட்டும் என்னைப் பார்க்க வந்தான். முகாம் வாசலில் பெரிய பலகை வைத்து என் வாக்கியத்தைத்தான் எழுதியிருந்தார்கள் என்றும், லாரியைப் பின்னால் எடுக்கும்போது தான் அதை இரண்டு தடவை இடித்துத் தள்ளியதாகவும் சொன்னான். வேண்டுமென்றா என்று கேட்டேன். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டான். அவன் அம்மா வரவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. கடை வாசல் வரை ஒருநாள் போனேன். கண்ணாடிக் கதவு வழியாக அவள் தைப்பது தெரிந்தது. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எட்டிப் பார்ப்பதும் அதில் அடங்கும் என்று எழுதியவள்தானே.

ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது ஐந்தாவது அமைச்சர் வந்தார். அவருக்கு ஒரு ஆசை. கொள்கை பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரு அணுவும் மாறவில்லை என்பதைக் காட்டும் ஒரு சிறு புத்தகம். தலைப்பு 'மாறாத கொள்கை'. ஆரம்பத்திலிருந்து அமைச்சகம் கொடுத்த எல்லா விளக்கங்களையும் தொகுத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தது. அலமாரியைக் குடைந்தேன். கணினிக்கு மாறிய வருடம் பழைய கோப்புகளையெல்லாம் வாரி வெளியே போட்டிருக்கிறார்கள். போடச் சொல்லிக் கையெழுத்திட்டவளும் நானே. கணினியில் இருந்தது கடைசிப் பத்தி மட்டும். மாடியில் இருந்தவர்களுக்கு இது அதிசயமாக இருந்தது, எனக்கு இல்லை. நான்தானே ஒவ்வொரு தடவையும் ஒன்றின் மேல் ஒன்றைத் தட்டினேன்.

உலகத்தில் அந்த நான்கையும் வைத்திருக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். நான்காவதற்கும் விடாமல் எழுதிக் கேட்ட அளவையர். அவர் முகவரி எனக்கு மனப்பாடம்.

இரண்டு பேருந்து மாறிப் போனேன். அளவையரின் மகள் கதவைத் திறந்தாள். அமைச்சகத்திலிருந்து என்றதும் அவள் முகம் வெளுத்தது. அப்பா ஏதாவது தப்பாக எழுதிவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, நாங்கள்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. உள்ளே அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து இருக்கும். சுவர் முழுக்க வரைபடங்கள். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அமைச்சகம் தன்னிடம் ஒன்றைக் கேட்டு வரும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து என் நான்கு பதில்களையும் எடுத்து, மேசையில் தேதி வரிசைப்படி, நடுவில் ஒரே அளவு இடைவெளி விட்டு அடுக்கினார்.

நாலு பேர் எழுதியது என்று அவர் எண்ணியிருந்தார். இரண்டாவது ஆள் கெட்டிக்காரர், மூன்றாவது ஆள் வியாபாரி மாதிரி, நான்காவது ஆளைத் தனக்குப் பிடிக்கவே இல்லை என்றார். பிறகு முதல் கடிதத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதை எழுதினவர் நல்ல மனுஷர்ம்மா. நேரா எழுதியிருக்கார். அவர் இப்போ இருக்காரா?"

மடியில் இருந்த பையைக் கீழே வைத்தேன்.

"நான்தான் சார். நாலும் நான்தான்."

அவர் என்னையும் கடிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு என் மேல் பரிதாபம்தான் வந்தது போலிருந்தது. மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். தேநீர் வந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் முப்பது வருஷம் நிலம் அளந்தவன். எல்லைக்கல்லை நகர்த்துறவங்களை நிறையப் பாத்திருக்கேன். யாரும் இல்லாத நேரம் பாத்துத்தான் நகர்த்துவாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் முத்திரை குத்தி எனக்கே தபால்ல அனுப்பியிருக்கீங்க."

எழுதிய அன்றைக்கு ஒவ்வொன்றும் எனக்கு உண்மையாகத்தான் பட்டது என்று சொன்னேன். அதை நானே காதால் கேட்டபோது, அதுவும் ஐந்தாவது விளக்கம் மாதிரிதான் ஒலித்தது. தேநீரைக் குடித்து முடித்தேன். கடிதங்களைக் கொண்டுபோகச் சம்மதித்தார். இரண்டு நிபந்தனை: தேதி வரிசை மாறக் கூடாது, ஒரு எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது.

திரும்பி வரும் பேருந்தில் எனக்கு வீரம் வந்தது. ஐம்பத்தேழு வயதில், ஓய்வூதியம் உறுதியான பிறகு வரும் வீரம். முன்னுரை, விளக்கவுரை, இணைப்புரை எதுவும் வைக்கப் போவதில்லை. நாலையும் அப்படியே, பக்கத்துக்கு ஒன்றாக, தேதியோடு போடுவேன். 'மாறாத கொள்கை' என்ற அட்டைக்குள் நாலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கட்டும். படிப்பவன் எவனுக்கும் புரியும். என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே செய்தேன். அச்சுக்குப் போன அன்று மேசை இழுப்பறையைக் காலி செய்து, என் கோப்பையையும் செருப்பையும் பையில் போட்டுத் தயாராக வைத்தேன்.

வெளியீட்டு விழாவில் அமைச்சர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். நாலு காலம், நாலு நெருக்கடி, ஆனாலும் ஒரே சொல், இதல்லவா உறுதி என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. தொகுத்தவர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு கும்பிட்டேன், சிரித்துக்கொண்டிருப்பது மாதிரிப் படமும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து, நான் செய்த புரட்சிக்குப் பரிசு கிடைத்துவிட்டது என்று கணவரிடம் சொன்னேன். கேடயத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி மட்டம், ஓரம் சரியாகத் தேய்க்கவில்லை என்றார். அளவையருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நன்றி தெரிவித்து, மூன்றாம் பக்கத்தில் தேதி ஒருநாள் பிசகியிருப்பதாகச் சொல்லிப் பதில் வந்தது. சரிபார்த்தேன். பிசகித்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற இரண்டாவது வாரம், காலை பதினொரு மணிக்கு, தங்கை வந்தாள். ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முன்பக்க முடி நரைத்திருந்தது. மகன் எங்கிருந்தோ அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கடையில் போட்டிருக்கிறான். கூட்டமில்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். முதலில் சிரிப்பு வந்தது, நாலாவது பக்கத்தில் வரவில்லை என்று சொன்னாள். இந்தத் தடவை தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் அர்த்தம் கேக்க வரலக்கா. 'எனக்கும் பயமா இருக்குடி'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தலைக்குள் தானாகவே மூன்று வாக்கியங்கள் வரிசையில் வந்து நின்றன. மூன்றிலும் 'என்பது' இருந்தது. முப்பத்தைந்து வருடப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் விடுமா? அவற்றை மென்று விழுங்கினேன்.

"பயமாத்தான் இருந்துச்சு," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். செவ்வாய்க்கிழமை மகனைக் காது டாக்டரிடம் கூட்டிப் போவதாகச் சொன்னாள். டாக்டர் வேகமாகப் பேசுகிறார், அவனுக்குப் பாதி கேட்பதில்லை, தனக்குப் பாதி புரிவதில்லை. நீயும் வந்தால் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றாள். வருகிறேன் என்றேன். செருப்பு மாட்டும்போது திரும்பினாள்.

"அவர் சொல்றத அப்படியே எழுதுக்கா. விளக்கமெல்லாம் வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை மூவரும் போனோம். டாக்டர் நிஜமாகவே வேகமாகப் பேசினார். இரண்டு தடவை நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னேன். இடது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது, இனி திரும்பாது, கருவி வைத்தால் பேச்சு கேட்கும் என்றார். அப்படியே எழுதினேன். கருவி வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று டாக்டர் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன், இந்தக் காதுப் பக்கம் அம்மாவை உட்கார வைத்து இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறேன் என்று அவன் சொன்னான். தங்கை அவன் பின்னந்தலையில் ஒன்று வைத்தாள். நான் அதையும் எழுதப் போனேன்; அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு கீழே ஆஸ்பத்திரி கேண்டீனில் இடம் பிடித்து, மூன்று தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.